கால் வைத்தால் மெத்தென்று இறங்கும் பிரேக்: ஊர் வீட்டுக் காருக்குள் என்ன நடக்கிறது?

செட்டிநாட்டில் கார்களுக்கென்று ஒரு தனி வாழ்க்கை உண்டு. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். ஊர் வீட்டில் ஒரு கார் மட்டும் நிற்கும். பிள்ளையார் நோன்பு, படைப்பு, பங்காளி வீட்டுக் கல்யாணம் என்று எல்லோரும் வந்து சேரும்போது நாலு நாள் ஓடும். மீதி மாதமெல்லாம் துணி போர்த்தியபடி ஷெட்டில் கிடக்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என எந்த ஊரில் நடந்தாலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இப்படி ஒரு வண்டியைப் பார்க்கலாம்.

அப்படி நின்ற காரை எடுக்கும்போது பேட்டரி இறங்கியிருக்குமா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பேட்டரி இறங்கியிருந்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். பிரேக் இறங்கியிருந்தாலோ வண்டி கிளம்பிவிடும். இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொண்டது என் சித்தப்பா மகனுக்கு நடந்த ஒன்றைப் பார்த்த பிறகுதான்.

அவருடைய சின்னக் கார் கானாடுகாத்தான் வீட்டில் ஒன்பது மாதம் நின்றது. மார்கழியில் வந்து எடுத்தபோது பிரேக் பெடல் பஞ்சில் மிதித்ததுபோல் இறங்கியது. ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். “ஏர் பிடிச்சிருக்கு” என்று சொல்லி ஏர் எடுத்து, அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தார்கள். பெடல் கல் மாதிரி நின்றது. மூன்றாம் நாள் திருமயம் சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கிறார். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த பட்டறைக்கு நானும் கூடப் போனேன். வண்டியை அங்கே கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனோம். “அண்ணே, மூணு நாளைக்கு முன்னாடிதானே ஏர் எடுத்தாங்க, அப்புறம் ஏன் இப்படி?” என்று கேட்டேன். பின் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றிக்கொண்டே அந்த மெக்கானிக் சொன்னார்: “தம்பி, ஏர் தானா உள்ள போகாது. எங்கயோ ஒரு வாசல் தொறந்து கெடக்கு. வாசலை அடைக்காம வீட்டைக் கூட்டி என்ன பண்ண?”

மெத்தென்ற பெடலைப் பற்றி நான் சொல்ல நினைப்பதும் இதுதான். “ஏர் எடு” என்பதைப் பல இடங்களில் நோயின் பெயராகவும் மருந்தாகவும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். பெடல் எந்த விதமாக இறங்குகிறது என்று முதலில் கவனித்தால், பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பாதிக்கு மேல் அதுவே சொல்லிவிடும்.

அதற்கு முன், காற்று புகுந்தால் பெடல் ஏன் மெத்தென்று ஆகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் வகுத்த விதியின் மேல்தான் இந்த அமைப்பு முழுவதும் நிற்கிறது. ஒரு கணக்கு போடுவோம். காலால் 20 கிலோ விசையில் மிதிக்கிறோம். பெடல் நெம்புகோலாக வேலை செய்து அதை நாலு மடங்காக்கினால் 80 கிலோ. பெடல் நேராகத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் குழல் 20 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் பரப்பு 3 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 25 கிலோ அழுத்தம். அதே அழுத்தம் முன் சக்கரத்தில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை அடையும்போது 500 கிலோ அளவுக்குத் தள்ளுகிறது. என்ஜினின் வெற்றிடத்தைக் கொண்டு கால் விசைக்குத் துணை செய்யும் பூஸ்டரின் உதவியை இதில் சேர்க்கவே இல்லை.

இந்தப் பெருக்கல் சும்மா கிடைப்பதில்லை. பெடல் 10 சென்டிமீட்டர் இறங்கினால் மாஸ்டருக்குள் பிஸ்டன் நகர்வது இரண்டரை சென்டிமீட்டர். அப்போது அது தள்ளும் திரவம் மொத்தமே 8 மில்லிக்கும் குறைவு. திரவம் அமுங்காத பொருள் என்பதால் அந்தச் சின்ன அளவே நாலு சக்கரத்துக்கும் போதும். காற்றோ நன்றாக அமுங்கும். குழாயில் இரண்டு மில்லி காற்று இருந்தால், 25 கிலோ அழுத்தத்தில் அது ஒரு துளிக்குள் சுருங்கிவிடும். அது சுருங்குவதற்கே பெடலின் கால்வாசிப் பயணம் போய்விடும். ஒரு தேக்கரண்டி காற்று என்றால் பாதிக்கு மேல் போச்சு. இன்றைய கார்களில் பிரேக் இரட்டைச் சுற்றாக, அதாவது இரண்டு தனித்தனிக் குழாய் வழிகளாகப் பிரிந்திருப்பதால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் எவ்வளவு சின்ன விஷயத்தை நம்பி நாம் மிதிக்கிறோம் என்பது புரிந்திருக்கும்.

சரி, பெடல் இறங்கும் விதங்களுக்கு வருவோம்.

வண்டியை நிறுத்தி வைத்தே முதல் சோதனையைச் செய்யலாம். என்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பெடலை மிதித்து விட்டால் பூஸ்டரில் தேங்கிய வெற்றிடம் தீர்ந்துவிடும். அதன்பின் கால் உணர்வது ஹைட்ராலிக் பகுதியை மட்டும்தான். அப்படியே காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் இலேசாக ஒரு படி இறங்கி நிற்கும். பூஸ்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டுப் பழுது என்று பயப்படுபவர்கள் உண்டு. பூஸ்டர் கெட்டால் பெடல் கடினமாகும், மெத்தென்று ஆகாது. மெத்தென்ற பெடலுக்கு யாராவது பூஸ்டரை மாற்றச் சொன்னால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

இனி பெடலை மிதமாக அழுத்தி அப்படியே அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். முதலில் நன்றாக நின்று, பிறகு லிஃப்ட் இறங்குவதுபோல் மெதுவாகத் தரைக்குப் போனால் திரவம் எங்கோ நழுவுகிறது. வெளியே ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். நாலு சக்கரத்தின் உட்பக்கம், டயரின் உள்சுவர், பெடலுக்கு மேலே என்ஜின் பக்கத்தைப் பிரிக்கும் தகடான ஃபயர்வால், பூஸ்டரும் மாஸ்டரும் சேரும் இடம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தும் ஈரமில்லை, மாஸ்டருக்கு மேலே திரவம் ஊற்றும் டப்பாவில் அளவும் குறையவில்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டரின் மேல்தான். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் கப்பின் விளிம்பு கிழிந்தோ தேய்ந்தோ போயிருக்கும். தள்ளப்பட வேண்டிய திரவம் கப்பைத் தாண்டிப் பின்னாலேயே போய்விடுகிறது. அழுத்தி மிதித்தால் கப் விரிந்து அடைத்துக்கொள்ளும், மிதமாக மிதித்தால்தான் நழுவும் என்பது இதில் உள்ள ஏமாற்று. பட்டறையில் ஓங்கி மிதித்துப் பார்ப்பவருக்கு வண்டி நன்றாக இருப்பதாகத் தோன்றும். சிக்னலில் காலை இலேசாக வைத்து நிற்கும்போதுதான் பெடல் இறங்கும். சித்தப்பா மகனுக்கு மூன்றாம் நாள் நடந்தது இதுதான்.

மிதித்ததும் ஸ்பிரிங் போலத் துள்ளி, வேகமாக நாலு முறை மிதித்தால் உயர்ந்து வந்து, அப்போதும் அடியில் ஒரு மெத்தைத்தன்மை மிச்சமிருந்தால் அது காற்று. இதுவும் அடுத்து வருவதும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அதனால்தான் குழப்பம்.

இரண்டாம் முறை மிதித்ததுமே பெடல் உயரமாக வந்து கட்டியாக நின்றால், காற்றைவிட, பின் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டதற்கே வாய்ப்பு அதிகம். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் வைத்தவை. ஷூ தேயத் தேயத் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ள டிரம்முக்குள் ஓர் அட்ஜஸ்டர் இருக்கும். செம்மண் தூசியும் துருவும் சேர்ந்து அது இறுகிவிட்டால் வேலை செய்யாது. அப்புறம் ஒவ்வொரு முறையும் ஷூ டிரம்மைத் தொடுவதற்கே முதல் மிதி செலவாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். ஹேண்ட் பிரேக் பின் ஷூவை ஏற்கெனவே விரித்துவிட்டதால், பெடல் சட்டென்று உயரத்திலேயே நின்றால் பழுது பின் டிரம்மில்தான். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் இது தீராது. டிரம்மைக் கழற்றி, அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, ஷூவை நெருக்கி வைத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தேவையில்லாமல் மாஸ்டர் மாற்றிய வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் கதை என்பது என் எண்ணம்.

மிதித்தால் பெடல் நீளமாக இறங்கி, தரைக்குச் சற்று மேலே திடீரென்று கடினமாக நின்றால், இரட்டைச் சுற்றில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். இன்னொரு சுற்று மட்டும் வண்டியை நிறுத்துகிறது. பெரும்பாலும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கும் எரியும். அந்த வண்டியைப் பட்டறை வரைக்கும்கூட ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பழைய வண்டிகள் பலவற்றில் ஒற்றைச் சுற்றுதான். ஷெட்டில் நிற்கும் பழங்கால வண்டியை ஆசைக்கு எடுத்து ஓட்டுபவர்கள் இதை மறக்கவே கூடாது. அதில் ஓரிடம் போனால் எல்லாம் போச்சு.

கரடுமுரடான சாலையில் ஓடிய பிறகு முதல் மிதி மட்டும் கீழே போய், அடுத்த மிதி சரியாக இருந்தால் வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க் ஆடி ஆடி, அதைப் பிடித்து நிறுத்தும் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

நின்ற வண்டிக்கு ஏன் இவ்வளவும் வருகிறது? காரணம் நாம் “பிரேக் ஆயில்” என்று சொல்லும் திரவத்திலேயே இருக்கிறது. அது எண்ணெய் இல்லை. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைகால் ஈதர் வகை. அது ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும், டப்பா மூடியின் மூச்சுத்துளை வழியாகவும் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியைச் சொல்லவே வேண்டாம். கிலோமீட்டரைப் பார்த்து “வண்டி ஓடவே இல்லையே, ஆயில் எதுக்கு மாத்தணும்?” என்று கேட்பது அதனால்தான் தவறு. பெரும்பாலான கார் நிறுவனங்கள் இதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு என்று காலக்கெடு வைக்கின்றன.

நான் வியந்த ஒரு பழைய விஷயம். நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு 1921இல் அமெரிக்காவில் டூசன்பெர்க் கார் வந்தது. அந்தக் காலத்துப் பிரேக் திரவங்களில் ஆல்கஹாலோடு கலந்திருந்தது நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். அதை வைத்து இன்று யாரும் எந்த எண்ணெயையும் ஊற்றிவிடக் கூடாது. திரவம் குறைகிறதே என்று என்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால், கனிம எண்ணெய் பட்ட ரப்பர் கப்பெல்லாம் ஊறிப் பெருத்துவிடும். அதன்பின் மாஸ்டரிலிருந்து ஹோஸ் வரை ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிக் கிடந்தால் யாரோ இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உள்ளே போன ஈரம் இரண்டு கெடுதல்களைச் செய்கிறது. ஒன்று, துரு. மாஸ்டர் சிலிண்டரின் குழலில் பிஸ்டன் தினமும் போய்வரும் பகுதி பளபளவென்று இருக்கும். சாதாரண மிதியில் பிஸ்டன் எட்டாத கடைசிப் பகுதியில் துருவும் கசடும் சேரும். பின் டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலும் இப்படித்தான். வண்டி நிற்கும்போது ரப்பர் கப் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழும். மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்து மிதிக்கும்போது கப்பின் மெல்லிய விளிம்பு அந்தக் குழிமேல் உரசுகிறது. துரு எப்படிப் பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்று ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தது. அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஷெட்டுகளில் நிற்கும் மாஸ்டர் சிலிண்டர்கள் நினைவுக்கு வரும்.

இரண்டாவது கெடுதல் கொதிநிலை. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஏறக்குறைய 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்தபின் 155. நூற்றில் நாலு பங்குகூட வராத தண்ணீர் இவ்வளவு மாற்றத்தைச் செய்கிறது.

செட்டிநாடு சமதரை. இங்கே பிரேக் பெரிதாகச் சூடாவதே இல்லை. அதனால் பழைய திரவம் தன் குறையை மறைத்துக்கொண்டே இருக்கும். ஊருக்கு வந்த பிள்ளைகள் “கொடைக்கானல் போயிட்டு வரலாமா?” என்று கேட்கும் வரைக்கும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் இறங்க வேண்டும். வண்டி, ஆட்கள், பெட்டி எல்லாம் சேர்ந்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடை அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 70 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கீழ் கியரில் இறங்கினால் என்ஜின் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். டாப் கியரில் விட்டு, பிரேக்கை மிதித்தபடியே வருபவர்களுக்கு மிச்சமெல்லாம் நாலு சக்கரத்தின் பிரேக்கில்தான் இறங்கும். பெருமாள்மலை வரை நன்றாக இருந்த பெடல் டம்டம் பாறைக்கு வருவதற்குள் காணாமல் போகும். காலிபருக்குள் திரவம் கொதித்து நீராவிக் குமிழ் ஆகிவிட்டது. ஆறினால் குமிழ் மறுபடி திரவமாகும், பெடலும் திரும்பி வரும். கீழே வந்து பட்டறையில் காட்டினால் பழுது எதுவும் தெரியாது. அதை நம்பி விட்டுவிடக் கூடாது. அந்தத் திரவத்தை முழுவதும் மாற்ற வேண்டும்.

மலையில் இப்படி ஆனால் பதறாமல் பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பூஸ்டரின் உதவியும் ஸ்டியரிங்கின் உதவியும் போய்விடும்.

இனி பழுதுபார்ப்பு. எந்தச் சக்கரத்தில் பழுது என்று பிரித்தறிய, ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் அதற்கென்றே உள்ள வழவழப்பான கிளாம்பால் இறுக்கி மிதித்துப் பார்ப்பார்கள். எல்லா ஹோஸையும் இறுக்கினால் பெடல் கல்லாக நிற்கிறதா? மாஸ்டர் நன்றாக இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது எது தளர்ந்ததும் மெத்தென்று ஆகிறதோ அங்கேதான் பழுது. நல்ல முறைதான். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டான ஹோஸில் இதைச் செய்ய நான் விடமாட்டேன். வெயிலில் காய்ந்த ரப்பரை நசுக்கினால் உள்ளே விரிசல் விழும். அந்த வயதான ஹோஸை மாற்றிவிடுவதே நல்லது. பழைய ஹோஸ் மிதிக்கும்போது பலூன் போல உப்பிப் பெடலை மெத்தென்று ஆக்குவதும் உண்டு. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையில் பிடித்துப் பார்த்தாலே அது தெரியும்.

சித்தப்பா மகனின் வண்டியில் பின் இடது டிரம்மைத் திறந்ததும் வாசல் தெரிந்தது. வீல் சிலிண்டரின் இரு பக்கமும் உள்ள தூசி மூடியை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தூக்கியபோது உள்ளே ஈரம். வெளியே ஒரு சொட்டுகூட விழாத அளவு கசிவு. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனர் அதில் நனையாமல் இருந்தது அதிர்ஷ்டம். நனைந்த லைனரைப் பெட்ரோல் ஊற்றித் துடைத்துத் திரும்பப் போடுவது வழக்கமாகிவிட்டது. அது தப்பு. உள்ளே ஊறியது சூடானதும் வெளியே வரும். மாற்றத்தான் வேண்டும். சிலிண்டருக்குள் குழி விழுந்திருந்ததால் ரப்பர் கிட் மட்டும் போடாமல் மெக்கானிக் முழு சிலிண்டரையே மாற்றினார். குழியுள்ள குழலில் புது ரப்பர் போட்டால் நாலு மாதம்கூடத் தாங்காது என்றார். ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கத்துக்கும் அதே வயசுதானே என்று இரண்டையும் மாற்றச் சொன்னார். அதுவும் சரிதான்.

அப்புறம் மாஸ்டர். “மொதல்ல போனது வீல் சிலிண்டர். ஏர் எடுக்கிறேன்னு தரை வரைக்கும் மிதிச்சிருக்காங்க, அதுல மாஸ்டரும் போச்சு” என்றார். நான் முன்னே சொன்ன துருப்பிடித்த கடைசிப் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பிஸ்டன் அங்கே போவதே இல்லை. சக்கரத்தில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்துவிட்டு மிதிக்கும்போது எதிர்ப்பு இல்லாமல் பெடல் தரையைத் தொடும். பிஸ்டன் துருப்பிடித்த பகுதிக்குள் பாயும். கப்பின் விளிம்பு கிழியும். பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இது நடக்காது. இரண்டு விரல் தடிமனுள்ள ஒரு கட்டை செய்யும் வேலை, மாஸ்டர் சிலிண்டரின் விலையைக் காப்பாற்றுகிறது. இதை நான் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புது மாஸ்டரை வண்டியில் ஏற்றும் முன் வைஸில் பிடித்து, திரவம் ஊற்றி, அதன் காற்றை வெளியேயே எடுத்துவிட வேண்டும். அப்படியே ஏற்றினால் உள்ளே மாட்டிய காற்றைச் சக்கரம் வரை தள்ளிக் கொண்டுபோவது பெரும் பாடு.

ஏர் எடுக்கும் முறை பலருக்கும் தெரிந்ததுதான். மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் ஊர் வண்டிகளில் அது பின் இடது. ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரமும் சேர்ந்த குறுக்குச் சுற்றாகப் பிரிந்த சில கார்களில் வரிசை மாறும், அந்த வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். நிப்பிளில் கண்ணாடிபோலத் தெரியும் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் புதுத் திரவம் உள்ள பாட்டிலுக்குள் முக்கி வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடிப்பார், வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து மூடுவார், மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். அந்த வரிசை தவறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். குமிழ் நின்று, புதுத் திரவத்தின் நிறம் வரும் வரை விட வேண்டும். மேலே டப்பா ஒரு முறை வற்றிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பாதி பாட்டில் மீந்தால் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். திறந்த பாட்டிலும் ஈரத்தை உறிஞ்சும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெடல் வரவில்லையா? காலிபரில் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மேலே இருக்க வேண்டும். இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தேங்கி நிற்கும், நாள் முழுக்க மிதித்தாலும் வெளியே வராது. காலிபரின் ஸ்லைடு பின் இறுகியிருந்தாலும், பேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தாலும் மிதிக்கும்போது காலிபரே வளைந்துகொடுக்கும். அதுவும் காலுக்கு மெத்தென்றுதான் தெரியும். ஹோஸைக் கழற்றி மாட்டும்போது பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போடுவது இன்னொரு கெட்ட பழக்கம்.

2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு, சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டிகளில் காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால், சில மாடல்களில் ஸ்கேனர் மாட்டி உள்ளே இருக்கும் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும். அந்த வசதி உள்ள இடத்துக்கே போங்கள்.

முடித்த பிறகு என்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் ஓங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். பிறகு மிதமாகப் பிடித்தும் பார்க்க வேண்டும், மாஸ்டரின் ஏமாற்று அப்போதுதான் தெரியும். அப்புறம் ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பிரேக் திரவம் பெயின்ட்டைத் தின்றுவிடும், பாடியில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சித்தப்பா மகன் சென்னைக்குத் திரும்பும் முன், அந்த மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்து, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சில விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போனார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் விடக் கூடாது, ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தால் போதும். மாதம் ஒரு முறை வாசல் வரைக்குமாவது வண்டியை எடுத்து, பத்து முறை நிதானமாக பிரேக்கை மிதிக்க வேண்டும். டப்பா மூடியில் திரவம் மாற்றிய தேதியை மார்க்கரில் எழுதி வைத்தார். கடைசியாக, நாலு சக்கரத்துக்கும் உட்பக்கமாக ஒவ்வொரு அட்டையை விரித்தார். பழைய புடவைப் பெட்டியின் அட்டைதான். எங்கே சொட்டினாலும் கறை காட்டிக்கொடுக்கும். இப்போது சித்தப்பா மகன் ஊருக்கு வந்தால், பானெட்டைத் திறப்பதற்கு முன் குனிந்து அந்த அட்டைகளைத்தான் பார்க்கிறார்.